உஷார்! அந்தப் பாறைக்குழியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்

உங்கள் ஊர்ப் பக்கம் கைவிட்ட பாறைக்குழி ஏதாவது இருக்கிறதா? கல் எடுத்து முடித்துவிட்டு, சுற்றிலும் வேலிகூடப் போடாமல் அப்படியே விட்டுப் போன குழி. ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர யாரும் எட்டிப் பார்க்காத குழி.

இந்த வாரமே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம், ஓரம் சரியும். மழை பெய்த மறுநாளும் வேண்டாம். தள்ளி நின்றே பாருங்கள். குழிக்குப் போகிற பாதையில் புதுசாகக் கிராவல் அடித்திருக்கிறதா? லாரி திரும்புகிற அகலத்துக்கு வேலிகாத்தான் முள்ளை வெட்டியிருக்கிறார்களா? ஜேசிபி தடம் தெரிகிறதா?

தெரிந்தால், உஷார்! எங்கோ ஓர் அலுவலகத்தில் அந்தக் குழியில் நகரத்துக் குப்பையைக் கொட்டக் கணக்குப் போட்டாகிவிட்டது. ஊருக்குச் சொல்லத்தான் இன்னும் நேரம் வரவில்லை.

“குப்பைதானே, நாற்றம் அடிக்கும், ஈ வரும், கொஞ்ச நாள் பொறுத்துக்கலாம்” என்று நினைக்கிறீர்களா? நாற்றம் இதில் சின்ன விஷயம். அது மூக்குக்குத் தெரியும், காற்று திரும்பினால் போய்விடும்.

கீழே இறங்குவது தெரியாது. இறங்கினால் போகாது.

கொங்குப் பக்கத்து அக்கா ஒருவரின் கதையைச் சொல்கிறேன். பேரும் ஊரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. இரண்டு கறவை மாடு, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் முருங்கை, ஒரு போர். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பாறைக்குழி. “ஆறு மாசத்துக்கு மட்டும்தான், அப்புறம் வேற இடம் பார்த்திருக்கோம்” என்று சொல்லித்தான் முதல் லாரி வந்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு நாள் மறித்தார்கள். மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. நாலாம் நாள் அவரவர் வேலைக்குப் போனார்கள்.

ஆறு மாசம் ஒரு வருசம் ஆனது. முதல் வருசம் ஈயும் நாற்றமும் மட்டும்தான். சாப்பாட்டுத் தட்டுக்கு மேல் விசிறிக்கொண்டே சாப்பிட்டதாகச் சொன்னார். பழகிவிட்டது. அங்கேதான் ஏமாந்தோம் என்கிறார் இப்போது.

இரண்டாம் வருசம் ஐப்பசி மழை கழிந்து ஒரு மாதம் இருக்கும். வடித்த சாதம் மஞ்சளாக இருந்திருக்கிறது. அரிசிதான் மோசம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறார். கடைக்காரர் அரிசியை மாற்றிக் கொடுத்தார். அதுவும் மஞ்சள்தான். பருப்பு வேகவில்லை. எவர்சில்வர் குடத்துக்குள் செம்பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. புளி போட்டுத் தேய்த்தால் போகும், இரண்டு நாளில் திரும்ப வரும். இதெல்லாம் நடந்தும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தேகத்தைக் கிளப்பியது மாடு.

“தொட்டிகிட்ட போய் மோந்து பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிருச்சுங்க. தாகத்துல நாக்கு வெளிய தள்ளுது, ஆனாக் குடிக்க மாட்டேங்குது. வாயில்லாச் சீவன் பொய் சொல்லுங்களா?”

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஏறி ஓர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், டீ சொன்னார், பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“முன்னாடி உங்க தண்ணி நல்லா இருந்ததுன்னு ஏதாச்சும் பேப்பர் வச்சிருக்கீங்களாம்மா?”

என்ன பேப்பர்? முப்பது வருசமாகக் குடித்த தண்ணீருக்கு யார் பேப்பர் வைத்திருப்பார்கள்? “இந்தப் பக்கம் தண்ணியே கொஞ்சம் உப்புத்தானே. வயல்ல உரம் போடறீங்க, அதனாலயும் இருக்கலாம். அந்தக் காலத்து சாயப்பட்டறைத் தண்ணியாக்கூட இருக்கலாம்.” அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எல்லாமே இருக்கலாம். அக்கா பாட்டிலைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மாட்டை விற்றாயிற்று. அந்தப் பாட்டில் இன்னும் அவர் வீட்டுப் பரண் மேல் இருக்கிறது. அடியில் அரை அங்குலத்துக்குப் பழுப்பு மண்டியாகப் படிந்திருக்கிறது, நானே பார்த்தேன்.

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் ஊர் ஊராகத் தோற்கிறோம். குப்பைக் கிடங்கு வரட்டும், தண்ணீர் கெட்டால் கேட்போம் என்று இருக்காதீர்கள். கெட்ட பிறகு கேட்டால், எப்போது கெட்டது, எதனால் கெட்டது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். உப்பு இயற்கையாகவே இருக்கும். நைட்ரேட் உரத்திலிருந்தும் வரும், சாக்கடையிலிருந்தும் வரும். இரும்பு பாறையிலேயே இருக்கும். குப்பையிலிருந்து இறங்குகிற ஒவ்வொன்றுக்கும் வேறு ஒரு தகப்பன் பெயரைச் சொல்லிவிட முடியும்!

குப்பை மேட்டுக்குள் என்னதான் நடக்கிறது? வீட்டில் வாழைப்பழத் தோலையும் சோற்றையும் ஒரு மூடிய வாளியில் நாலு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் பழுப்பாக ஒரு தண்ணீர் தேங்கும். டீ டிக்காஷன் நிறம். புளித்த வாடை. அதுதான் குப்பைச்சாறு. பத்து வீட்டு வாளி இல்லை, ஒரு நகரத்தின் வாளியை நினைத்துப் பாருங்கள். அதற்கு மேல் ஒரு மழை. அழுகுகிற ஈரக் குப்பையிலிருந்து அமிலம் ஊறும். அந்த அமிலம் பக்கத்தில் கிடக்கிற பேட்டரி, டியூப்லைட், பெயின்ட் டப்பா, பழைய மருந்து, சர்க்யூட் போர்டு எல்லாவற்றையும் மெல்ல மெல்லக் கரைத்து இழுத்துக்கொண்டு கீழே போகும். ஈயம், காட்மியம், அம்மோனியா, உப்பு எல்லாம் ஒரே கஷாயத்தில்.

மண் கொஞ்சம் வடிகட்டும், உண்மைதான். நல்ல களிமண் நிறையவே பிடித்து வைக்கும். ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கமெல்லாம் மேலே கொஞ்சம் மண், கீழே பாறை. நமக்குத் தண்ணீர் வருவதே அந்தப் பாறை வெடிப்புகளில்தான். போர் போடுகிறவர் “கேப் கிடைச்சிருச்சு” என்பாரே, அந்த இடுக்கு. அது எந்தப் பக்கம் ஓடுகிறது, யார் தோட்டத்தில் போய் முடிகிறது என்று மேலே நின்று யாரும் சொல்ல முடியாது. வெடிப்பில் ஓடுகிற தண்ணீரை எந்த மண்ணும் வடிகட்டுவதில்லை.

இப்போது பாறைக்குழியை யோசியுங்கள். அந்த மேல்மண்ணையும் எடுத்துவிட்டார்கள். பாறைக்கு வெடி வைத்து இன்னும் நாலு வெடிப்பு கிளப்பிவிட்டார்கள். சித்திரையிலும் அந்தக் குழியில் தண்ணீர் வற்றாமல் நிற்கிறதா? அப்படியானால் அங்கே ஊற்று இருக்கிறது.

ஊற்று இருக்கிறதென்றால், அந்தக் குழி ஒரு திறந்த கிணறு. அதில் குப்பை கொட்டுவது கிணற்றில் குப்பை கொட்டுவது.

எந்தக் கிணறு? உங்களுடையதும் சேர்த்துத்தான். கோடையில் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து போர் சேர்ந்து இழுக்கும்போது, பூமிக்கடியில் தண்ணீர் அந்தப் பக்கமாகத் திரும்பும். குப்பைச்சாறும் கூடவே வரும். யாரும் தள்ளிவிடவில்லை, நம் மோட்டாரே இழுத்துக் கொடுக்கிறது.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகவே எழுதியிருந்தன. குப்பை நிரப்புகிற இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர், குடியிருப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அடியில் 90 சென்டிமீட்டருக்குக் கெட்டித்த களிமண். அதன் மேல் 1.5 மில்லிமீட்டர் கனத்தில் பிளாஸ்டிக் விரிப்பு. அந்தக் களிமண்ணின் அடிப்பாகத்துக்கும் நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்கும் இடையில் குறைந்தது 2 மீட்டர் இடைவெளி. மக்குகிற குப்பையை அங்கே கொட்டவே கூடாது. கிடங்கு தொடங்கும் முன்பே சுற்றுவட்டார நிலத்தடி நீரைச் சோதித்துப் பதிவு வைக்க வேண்டும். தொடங்கிய பிறகு, எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கிற தண்ணீரைக் கோடையிலும் மழையிலும் மழைக்குப் பிறகும் சோதிக்க வேண்டும். மூடிய பிறகும் குறைந்தது 15 வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நன்றாகப் படியுங்கள். 1.5 மில்லிமீட்டர் என்பது உங்கள் சுருக்குப் பையில் இருக்கிற ஒரு ரூபாய் நாணயத்தின் கனம், அவ்வளவுதான். அந்த விரிப்பின் மேல் ஜேசிபி ஓடும், லாரி ஏறும், உடைந்த டைல்ஸும் கம்பியும் விழும். சும்மா குழியில் கொட்டினால் அந்த ஒரு ரூபாய்க் கனம்கூடக் கிடையாது. ஊற்று உள்ள பாறைக்குழியில் 2 மீட்டர் இடைவெளி எங்கிருந்து வரும்? தண்ணீரே அடியில் நிற்கிறதே! யாராவது அதிகாரி ஊருக்கு வந்தால் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: “சார், தண்ணி மட்டம் எத்தனை மீட்டர்ல இருக்குது? எழுத்துல குடுங்க.” கூட்டத்தில் கோபப்பட்டுக் கத்துவதைவிட இந்தக் கேள்விக்கு வலு அதிகம்.

திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஊர்க் குப்பை பல வருடமாகப் பாறைக்குழிகளுக்குத்தான் போனது. 2025-ல் முதலிபாளையம் பக்கமும் இடுவாய் பக்கமும் ஜனங்கள் ரோட்டுக்கு வந்ததற்குக் காரணம் நாற்றம் மட்டும் இல்லை. தண்ணீர் கெட்டால் என்ன ஆகும் என்று அந்த மண்ணுக்குத் தெரியும். நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடியதைப் பார்த்த ஜனம் அது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவைத் தேக்குகிற தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறையை ஒரு நாளில் மூடிவிடலாம். பூமிக்குள் இறங்கியதை எந்த நீதிமன்றம் வெளியே வரச் சொல்லும்? அந்தப் பக்கத்துக் கிணற்று உப்பைப் பற்றி அங்கே இருக்கிற விவசாயிகளிடம் இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள்.

பூமிக்கு அடியில் கெட்ட தண்ணீர் நம் ஆயுசுக்குள் சரியாவது அபூர்வம்.

இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை. குப்பை மேடு தீப்பிடித்தால் எல்லோரும் புகையைத்தான் பார்க்கிறோம். கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சில் நாள் கணக்கில் எரிந்தது. கோவை வெள்ளலூரில் 2024 ஏப்ரலில் எரிந்தது. டேங்கர் டேங்கராகத் தண்ணீர் அடித்து அணைத்தார்கள். அத்தனை தண்ணீரும் எங்கே போகும்? எரிந்த சாம்பலையும் உருகிய பிளாஸ்டிக்கையும் கழுவிக்கொண்டு கீழேதான் போகும்.

சரி, வருகிறது என்று எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது? யாரும் “குப்பைக் கிடங்கு” என்ற பெயரில் கொண்டுவர மாட்டார்கள், அதை முதலில் மனதில் வையுங்கள். “வள மீட்பு மையம்”, “நுண் உரக்கூடம்”, “பசுமைப் பூங்கா”, “அறிவியல் முறையில் நிரப்புதல்” என்று நல்ல பெயராகத்தான் இருக்கும். உண்மையிலேயே உரம் செய்கிற நல்ல கூடங்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உரம் செய்ய இடத்தில் ஷெட் வேண்டும், ஆள் வேண்டும், தரம் பிரித்த குப்பை வர வேண்டும். ஆழமான குழி எதற்கு? குழி கேட்டால் சந்தேகப்படுங்கள். “பாறைக்குழி ஆபத்து, பிள்ளைகள் விழுகிறார்கள், அதனால் மூடுகிறோம்” என்று அக்கறையாக ஒருவர் பேசினால் இன்னும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். எதைப் போட்டு மூடுகிறார்கள் என்று கேளுங்கள்.

“தற்காலிகமாக” என்ற வார்த்தை காதில் விழுந்தால், அன்றைக்கே ஊரைக் கூட்டிவிடுங்கள்.

புறம்போக்கு நிலத்தை இரண்டு மூன்று தடவை வந்து அளக்கிறார்களா? நிலம் வாங்கிப் பல வருடம் எட்டிப் பார்க்காத வெளியூர்க்காரர் திடீரென்று காம்பவுண்டு கட்டுகிறாரா? ராத்திரி பத்து மணிக்கு மேல் தார்ப்பாய் மூடிய லாரி போகிறதா? பேப்பரில் பின்பக்கத்தில், கண்ணில் படாத அளவில், “பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்” என்று விளம்பரம் வந்திருக்கிறதா? பெரிய அளவிலான பொதுக் குப்பைக் கிடங்குக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும்போது இந்தக் கூட்டம் நடத்த வேண்டும் என்று 2006-ம் வருடத்து அறிவிக்கை சொல்கிறது. குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிக்க வேண்டும், ஊர் மொழியில் சுருக்கம் தர வேண்டும், கலெக்டரோ அவர் அனுப்புகிற அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். எல்லாம் நல்ல ஏற்பாடு. ஒன்றே ஒன்றில்தான் கண்ணி இருக்கிறது: இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கே கிடையாது. பத்துப் பேர் வந்து, பத்துப் பேரும் தலையாட்டிவிட்டுப் போனாலும் கூட்டம் நடந்ததுதான். நாற்று நடவு, கல்யாணம், வேலை நாள் என்று நீங்கள் வீட்டில் இருந்தால் உங்கள் கருத்தும் சேர்ந்து பதிவாகிவிட்டது மாதிரிதான்.

அப்புறம், உங்கள் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு இருந்தால் அதையும் கவனியுங்கள். சேர்ந்த மறுநாள் கிராம சபை இருக்காது.

குப்பை ஏற்கெனவே வந்துவிட்ட ஊர்க்காரர்களா நீங்கள்? அப்படியானால் தண்ணீரைப் பாருங்கள். தினமும் பாருங்கள். ராத்திரி ஒரு கண்ணாடி டம்ளரில் போர்த் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், காலையில் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ மாறியிருந்தால் உஷார். மேலே எண்ணெய் மாதிரி மினுமினுப்பு, தொட்டியில் சோப்பு போடாமலே நுரை, முட்டை அழுகிய வாடை, குளித்த பிறகு தலைமுடியில் பிசுக்கு, பிள்ளைகளுக்குக் கையிடுக்கில் அரிப்பு. வழக்கமாக வெந்த பருப்பு வேகாமல் போனால் அதைக் குக்கர் மேல் பழி போடாதீர்கள். மாடு, ஆடு, நாய் எது முகம் திருப்பினாலும் அன்றைக்கே அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள்.

ஆனால் இதையும் கேளுங்கள், இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிற விஷயம்: நிறம் மாறாமல், வாடை இல்லாமல், பளிங்கு மாதிரி இருக்கிற தண்ணீரிலும் நைட்ரேட் இருக்கும். ஈயம் இருக்கும். நாக்குக்குத் தெரியாது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அளவு, அதில் சலுகையே கிடையாது. தாண்டிய தண்ணீரில் பால் பவுடர் கலக்கிக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் அதன் ரத்தத்தால் உடம்புக்குப் போதுமான ஆக்சிஜனைக் கொண்டுபோக முடியாது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். ஈயமோ வளர்கிற பிள்ளையின் மூளையைத் தொடுகிறது. பத்து வருடம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் “இவனுக்குப் படிப்பு ஏறலை” என்பார்கள். அப்போது யாருக்குக் கிணறு ஞாபகம் வரும்?

காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட்டும் ஈயமும் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் அளவு கூடத்தான் செய்யும். குழந்தைக்கென்று அக்கறையாக நன்றாகச் சுண்டக் காய்ச்சுகிற அம்மாதான் அதிகம் ஏமாறுகிறாள்.

ஆர்ஓ மெஷின்? கேன் தண்ணீர்? மனுசருக்கு ஆயிற்று. ஒரு கறவை மாடு ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது லிட்டர் குடிக்கும், கோடையில் அதற்கு மேலும். அதற்குக் கேன் வாங்கிக் கட்டுமா? அந்த அக்கா மாட்டை விற்றது அதனால்தான். வெண்டைக்கும் முருங்கைக்கும் எந்தத் தண்ணீர் பாயும்?

இவ்வளவு பயமுறுத்திவிட்டு வழி சொல்லாமல் விட்டால் பாவம். வழி இருக்கிறது. சின்ன வழி. லாரி வருவதற்கு முன்னால் செய்தால்தான் பலிக்கும்.

உங்கள் தண்ணீருக்கு இன்றைக்கே ஒரு ஜாதகம் எழுதி வையுங்கள்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் தண்ணீர் சோதனைக் கூடம் இருக்கிறது. அங்கே பணம் கட்டிப் பரிசோதிக்கலாம். தனியார் கூடம் என்றால் அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துக் கொடுங்கள். ரசாயனச் சோதனைக்கு இரண்டு லிட்டர் புதுக் கேன் போதும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, அந்தத் தண்ணீராலேயே கேனை இரண்டு மூன்று தடவை அலசிவிட்டு, கழுத்து வரைக்கும் நிரப்பி மூடுங்கள். தொட்டியிலிருந்து பிடிக்காதீர்கள். கேன் மேல் தேதி, சர்வே எண், போரின் ஆழம் எழுதி ஒட்டுங்கள். பிடிக்கும்போது ஊரில் இரண்டு பேரைச் சாட்சியாக நிறுத்தி, செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் அவர்களே கொடுக்கிற பாட்டில் வேண்டும்.

என்னென்ன பார்க்கச் சொல்வது? டிடிஎஸ், குளோரைடு, நைட்ரேட், அம்மோனியா, இரும்பு, கடினத்தன்மை. முடிந்தால் ஈயமும் காட்மியமும். இதில் குளோரைடை விட்டுவிடாதீர்கள். அது மண்ணில் ஒட்டாது, பாறையில் ஒட்டாது, தண்ணீரோடு தண்ணீராக ஓடி வரும். குப்பைச்சாறு உங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுவாகத்தான் இருக்கும். கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை. ஒரே ஒரு வீடு செய்தால் பிரயோஜனம் இல்லை. குழிக்கு நாலு பக்கமும் இருக்கிற நாலைந்து கிணறாவது வேண்டும், அப்போதுதான் எந்தப் பக்கத்திலிருந்து கெடுகிறது என்று காட்ட முடியும். நடுவில் மாதம் ஒருமுறை, பேனா மாதிரி இருக்கிற டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டு வருகிற எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். பால் கணக்கு எழுதுகிற இடத்தில் இதையும் எழுதுவதில் என்ன சிரமம்?

குழியைச் சுற்றி வறண்டு போன பழைய போர் திறந்து கிடந்தால் உடனே அடைத்துவிடுங்கள். குழந்தை விழுகிற பயம் ஒரு பக்கம். மேலே ஓடுகிற குப்பைச்சாறு பல நூறு அடிக்கு நேராக இறங்குகிற குழாயும் அதுதான்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்றைக்கு இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? வாயால் எதிர்த்துவிட்டு வந்தால் போதாது. தீர்மானம் நோட்டில் ஏறியதா, என்ன வார்த்தையில் ஏறியது என்று கண்ணால் பார்த்து, நகல் கேளுங்கள். “குப்பை வேண்டாம்” என்று மொட்டையாக எழுதினால் சுலபமாக ஒதுக்கிவிடுவார்கள். சர்வே எண், குழியில் நிற்கிற தண்ணீரின் ஆழம், 200 மீட்டருக்குள் இருக்கிற கிணறுகளின் எண்ணிக்கை, சோதனைச் சீட்டின் தேதி, இத்தனையும் தீர்மானத்தில் இருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, அந்த இடத்துக்கு மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கிறதா, நிலத்தடி நீர் அறிக்கை எங்கே என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவும் 30 நாள்தான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கொடுப்பார்கள், அதற்கு மேல் இல்லை. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. பொங்கல் முடியட்டும், தீபாவளி முடியட்டும் என்று தள்ளினால் கதவு மூடிவிடும்.

திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் விளப்பில்சாலை என்று ஓர் ஊர். நகரத்துக் குப்பை அங்கே 2000-ம் வருடத்திலிருந்து வந்தது. வருடக்கணக்கில் போராடி, 2011 டிசம்பரில் ஊராட்சியே போய்ப் பூட்டுப் போட்டது. பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துதான் அந்தப் பூட்டைக் காப்பாற்றினார்கள். ஜெயித்தார்கள், சந்தோஷம். ஆனால் பதினோரு வருடம் கொட்டியது கொட்டியதுதானே.

நகரத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நானும் நகரத்துக்காரிதான். காலையில் வண்டி மணி அடித்ததும் வாளியைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிற ஆள்தான். அந்த வாளியில் சோறும் பேட்டரியும் நாப்கினும் ஒன்றாகப் போனால், அது யாரோ ஓர் அக்காவின் மாட்டுத் தொட்டியில் போய் இறங்குகிறது. ஈரக் குப்பையைத் தனியாகக் கொடுக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகிறது. அந்த ஒரு நிமிடச் சோம்பலுக்கு எனக்கு மன்னிப்பு கிடையாது என்று அந்தப் பாட்டிலைப் பார்த்த அன்றைக்கு முடிவு செய்தேன்.

நாளைக் காலையில் எப்படியும் மோட்டார் போடுவீர்கள். தொட்டி நிரம்பும் வரை சும்மாதானே நிற்கப் போகிறீர்கள்? பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒரு கேனில் பிடித்து, தேதி எழுதி, அன்றைக்கே சோதனைக் கூடத்தில் கொடுத்துச் சீட்டு வாங்கிவிடுங்கள். ரேஷன் கார்டு, பட்டா வைத்திருக்கிற அதே பெட்டியில் வையுங்கள்.